சார்ஜரும் வெற்றிலை பாக்கும்

ஜூன் 13, வெள்ளி
காலையிலிருந்து சாரல். ராஜபாளையம் முழுக்க நசநச. கொடியில் துணி காயவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாத்தனார் கனகாவின் ஜெராக்ஸ் கடை லேப்டாப், சரிசெய்ய என்னிடம் வந்திருக்கிறது. கிழடு. லினக்ஸ் தவிர எதுவும் ஓடாது. அதையும் ரெடிமேடாகப் போடாமல் ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜாக நானே கட்டி ஏற்றுகிறேன். திமிர், வேறென்ன.

மாட்டிக்கொண்டேன். ஃப்ரீடைப், எழுத்தை வரைவது. ஹார்ஃப்பஸ், எழுத்துகளைச் சேர்த்து அதனதன் இடத்தில் உட்கார வைப்பது. அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் சிதறித் தமிழ் பல்லைக் காட்டும். இரண்டையும் முழு வசதியோடு கேட்டேன். முதலாவது, இரண்டாவது வந்தால்தான் வருவேன் என்கிறது. இரண்டாவதும் அதையே சொல்கிறது. மூடி வைத்துவிட்டுத் தோசை சுட்டேன்.

ஜூன் 14, சனி
கனகா போன். ஆவணியில் அவள் பாப்பாவுக்குக் காதுகுத்து. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன், அவர் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் போன வருடம் கனகா புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இவர் போகவில்லை. தறியில் நெய்த பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

"அண்ணன் மொதல்ல எங்க வாசப்படி மிதிக்கட்டும் மதினி. பொறவு வெத்தலை பாக்கோட வாரேன்."

இவரிடம் சொன்னேன். "வெத்தலை பாக்கு வச்சு அழைக்கட்டும். பொறவு வாசப்படி மிதிக்கேன்."

ஆக, இங்கேயும் அதே வியாதி. இவர் வராவிட்டால், இவருடைய சித்தி மகன் மடியில் குத்திவிடுவார்களாம். அதையும் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பாவமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு
வெயில். துணி காய்ந்தது. லேப்டாப்பும் வழிக்கு வந்தது!

ஹார்ஃப்பஸ் வேண்டாம் என்று சொல்லி ஃப்ரீடைப்பை அரைகுறையாகக் கட்டினேன். அதை வைத்து ஹார்ஃப்பஸ். பிறகு ஃப்ரீடைப் மறுபடியும், இந்தத் தடவை முழுசாக. தட்டிப் பார்த்தது: கொத்தவரங்காய், கௌதாரி, ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு கொம்பு பிசகவில்லை. தனியாகச் சிரித்தேன்.

இவரையும் முதலில் அரைகுறையாக அனுப்பினால் என்ன?

ஜூன் 16, திங்கள்
தறி வேலையாக இவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார். எனக்கு ஆபீஸ் மீட்டிங். லேப்டாப் பையைக் கையில் கொடுத்தேன். விருந்தாளியாகப் போகவில்லை, உள்ளே போக வேண்டாம், வாசலோடு கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். பையைத் தோளில் மாட்டினார். "டெலிவரின்னா சரி."

மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம்தான் வந்தார். வாசலில்தான் நின்றாராம். பாப்பா காலைக் கட்டிக்கொண்டாளாம். வெயிலில் நிற்க வேண்டாம் என்று கனகா சொன்னாளாம். கருவாட்டுக் குழம்பில் உப்பு கம்மியாம்.

ஜூன் 17, செவ்வாய்
பையில் சார்ஜர் இல்லை என்று கனகா போன். நான்தான் வைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. தேடினால் இவர் ஸ்கூட்டர் டிக்கியில். மறந்துவிட்டாராம். ஒரு கண்டு நூல் குறைந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டுகிற ஆள்!

அவரே கொண்டுபோனார். கூடவே பாப்பாவுக்குக் கவுன், மாம்பழம். பால்காய்ப்புக்கென்று வாங்கி ஒரு வருடமாகப் பரணில் கிடந்த குத்துவிளக்கு. அதைப் புளி போட்டுத் தேய்த்தது நான். விரலெல்லாம் எரிச்சல். சந்தோஷம்.

ஜூன் 19, வியாழன்
மறுபடி சாரல். பால் வாங்க வேண்டும், மூன்று பேர் வருகிறார்கள்.

சாயங்காலம் வந்துவிட்டார்கள். கனகா, அவள் வீட்டுக்காரர், பாப்பா. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை நகல். அந்த லேப்டாப்பில் கனகாவே அடித்தது. தாய்மாமன் என்ற இடத்தில் இவர் பெயர். எழுத்தெல்லாம் நேராக நிற்கிறது. இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். பாப்பா இவரை 'சார்ஜர் மாமா' என்கிறாள். யாரும் திருத்தவில்லை.

அவர்கள் போன பிறகும் இவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். இனி என்ன குறை என்றேன்.

"ஏட்டி, குத்தும்போது பாப்பா அழுவாள்ல? நான் கண்ணை மூடிக்கிடலாமா?"