விலக்கு உத்தரவில் என் பெயர்

பாளையங்கோட்டை,
நவம்பர் 9

அன்பு மகள் ஸ்டெபிக்கு, அப்பா எழுதுவது. அகமதாபாத்தில் நீயும் மாப்பிள்ளை மெர்வினும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு வர முடியாது என்று நான் சொன்னதிலிருந்து, மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் தபால். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

எங்கள் நார் மில்லில் தேங்காய் மட்டையைக் கையால் கொடுக்கிற இயந்திரத்துக்குத் தடுப்புக் கூண்டு கிடையாது. புதுக் கூண்டு வர பிப்ரவரி ஆகும். அதுவரை ஓட்ட, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் விதிவிலக்கு வாங்க வேண்டும். முதலாளி காந்திமதிநாதன் சொல்ல, விண்ணப்பத்தை நான்தான் டைப் அடித்தேன். எந்த விதி, ஏன் முடியவில்லை, எத்தனை நாள், அதுவரை தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு, சுவிட்சுப் பக்கத்தில் பொறுப்பான ஒருவர் எப்போதும் நிற்பார் என்று எழுதினேன். நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

விசாரிக்க வந்த அதிகாரி, அந்த ஒருவர் யார் என்று கேட்டார். மட்டை கொடுக்கிற இசக்கியப்பன் முந்திக்கொண்டு, "தானியேல் அண்ணாச்சி நிப்பாவன்னா எங்களுக்கு மறுப்பு இல்ல சார்" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். உத்தரவில் என் பெயரே வந்துவிட்டது.

அந்த நிமிஷம் உனக்கு டிசம்பரில் பேறுகாலம் என்பது எனக்கு நினைவு வரவில்லை, ஸ்டெபி. உன் அம்மா இருந்திருந்தால் அவளுக்கு வந்திருக்கும். வீட்டில் காலண்டரைப் பார்த்ததும்தான் உறைத்தது.

பெயரை மாற்ற மறுபடி விண்ணப்பம், மறுபடி விசாரணை. அதுவரை மில்லை மூட வேண்டும். முதலாளியோ, "நீரு பைய போயிட்டு வாரும் வே, யாரு வந்து பாக்கப் போறா" என்கிறார். இசக்கியப்பன் பார்ப்பான். நான் நிற்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அவன் மட்டையைத் தள்ளுகிறான். என்னால் வர முடியாது, அம்மா.

இருபத்தாறு வருஷம் நாற்காலியைத் தேய்த்தவன் இப்போது நாள் முழுக்க நிற்கிறேன். கால் வீங்குகிறது. சொல்ல வீட்டில் ஆளில்லை. ஒரு மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுச் சாப்பிடுகிறேன்.

உன் கிறிஸ்டி அத்தை பேறுகாலத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். அவளை வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

இன்னொன்று. இயந்திரம் ஓடும்போது நான் போன் வைத்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. வேலை நேரத்தில் மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரைதான் கையில் இருக்கும். வலி நேரம் பார்த்தா வரும்? மாப்பிள்ளையை மில் ஆபீசுக்குக் கூப்பிடச் சொல். இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனுக்கு ஓடி வருவேன். கர்த்தர் உனக்குச் சுகப்பிரசவம் தரட்டும். நீ என்னோடு பேச வேண்டாம். போனைக் குழந்தையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

உன் அப்பா,
தானியேல்