சூஜின் விட்ட வழி

ஜூலை 11, வெள்ளி. ரானுயி.

வெஸ்ட்கேட் கடையின் பேக்கரிப் பகுதிக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். முதலில் வந்து வாழ்த்தியவள் சூஜின். அவளும் விண்ணப்பித்திருந்தாள். என்னைவிட நன்றாக வேலை செய்பவள். செவ்வாய்க்கிழமை திடீரென்று விலகிக்கொண்டாள்.

இன்று மதியம் சாப்பிடும்போது காரணம் கேட்டேன். மனேஜர் சூஜினைத் தனியாகக் கூப்பிட்டு, என்னைக் குறித்து, “அவள் உனக்கு முன்னால் வந்தவள், இந்த முறை விட்டுக்கொடு” என்றாராம்.

“எனக்கு இது பழக்கம்தான்” என்று சிரித்தாள்.

அவள் கொரிய அணியில் பனித்தளத்தில் ஷார்ட் ட்ராக் ஸ்கேட்டிங் பந்தயம் ஓடியவள் என்பது தெரியும். ஏன் அதை விட்டாள் என்பதை இன்றுதான் சொன்னாள். ஒரு பெரிய இறுதிப்போட்டியில் இரண்டு சுற்று மிச்சம் இருக்க, அவள்தான் முன்னால் போனாளாம். பயிற்சியாளர் சொல்லி வைத்திருந்தபடி வளைவில் சற்று வெளியே விலகி, அணியின் மூத்தவளுக்கு உள்பக்கம் வழி விட்டிருக்கிறாள். மூத்தவளுக்குத் தங்கம். அந்த இடைவெளியில் இன்னும் இருவர் முந்திவிட, இவள் நான்காவது. “அடுத்த முறை உனக்கு” என்ற அந்த மனிதர், அடுத்த வருடம் இவளை அணியிலேயே சேர்க்கவில்லை.

“நீ ஏன் வழி விட்டாய்?” என்றேன், கோபமாக.

“சரி, நீங்கள் இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லுவீர்களா?”

நான் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “ஓம், பாவம்தான். அதுக்காக நீர் விடப்போறீரோ? பத்து வருஷமா நிண்டு மாவடிச்சனீர்” என்றார்.

நான் விடப்போவதில்லை. இவர் கேட்பதற்கு முன்பே, கோப்பையைக் கழுவும்போதே, அது எனக்குத் தெரிந்திருந்தது. சூஜினுக்கும்தான்.