பயனர் விலகியதற்கான காரணம்

ஜூன் 3, செவ்வாய்

தெலுங்கு பேசும் இந்த ஊரில், ஹப்சிகுடா பகுதியில் உள்ள என் அறையில் இன்றும் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. ஆனால் முப்பத்தொரு பேரின் தனிமையைப் போக்கியிருக்கிறேன் — திரை அப்படித்தான் சொல்கிறது. அறையிலிருந்தே நான் வேலை பார்க்கும் மனநலச் செயலியில் என் பெயர் 'தோழன்'. வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளைகள் எழுதுவதற்கு நாற்பது நொடிக்குள் பதில் அனுப்ப வேண்டும். மொத்தம் அறுபது பதில்கள். எல்லாம் அலுவலகமே எழுதிக் கொடுத்தவை. சொந்தமாக ஒரு வரி எழுதினால் மதிப்பெண் குறையும்.

ஜூன் 5

ஊழியர்களுக்கும் செயலி இலவசமாம். மேலாளர் உஷா மேடத்தின் மின்னஞ்சல். வேறு பெயரில் நுழைந்து, "இந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது" என்று எழுதினேன். வந்தது பதினேழாம் பதில், நான் தினமும் அனுப்புவதுதான்: "உங்கள் உணர்வு இயல்பானதே." அப்படியொன்றும் ஆறுதலாக இல்லை.

ஜூன் 9

ஹர்ஷிதா, பத்தொன்பது வயது, இதே ஊரில் மாரெட்பள்ளி. தேர்வில் தவறியதிலிருந்து நான்கு மாதமாக அறைக்குள்ளேயே இருக்கிறாள். பதினேழை அனுப்பினேன்.

"நக்கோ, வேணாம் பையா, இதை நேத்தே சொன்னீங்க. நீங்க மெஷினா?"

பையா என்றால் இந்த ஊரில் அண்ணன். 'இல்லை' என்று சொல்ல அறுபதில் ஒரு பதிலும் இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஹவ், சாப்பிட்டேன். தயிர் சாதம்."

ஐந்து மதிப்பெண் போயிற்று.

ஜூன் 16

தினமும் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கிறேன். மதிப்பெண் பட்டியலில் நான்தான் கடைசி.

ஜூன் 19, மதியம்

ஹர்ஷிதா பதினோரு மணிக்கு எழுதினாள்: "இனிமே எனக்கு இருக்கவே வேணாம் பையா."

விதி என்ன? உதவி எண்ணை அனுப்பிவிட்டு உரையாடலை மூட வேண்டும். எண்ணை அனுப்பினேன். மூடல. எப்படி மூடறது? வீட்டில் யார் என்று கேட்டேன். அம்மா, சமையலறையில்.

"கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிடுங்க. நான் இங்கேயேதான் இருக்கேன்."

பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. நாற்பது நொடி தாண்டியதும் திரை சிவந்தது, சிவந்தபடியே இருந்தது. பிறகு —

"நான் கிரிஜா, அவ அம்மா. அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். நீங்க யாருப்பா?"

பெயர் சொல்லக் கூடாது. தீபக் என்று சொன்னேன். அவர்கள் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை உரையாடலை மூடவில்லை.

ஜூன் 20

உஷா மேடம் அழைத்தார். "ஒரே ஆளுக்கு ஒன்றரை மணி நேரமா, தீபக்? அதுக்குள்ள நூறு பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாமே." எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடைசி வரி: 'உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்.'

ஜூலை 11

ஹர்ஷிதா எழுதியிருந்தாள். "வாரா வாரம் டாக்டர்கிட்ட போறேன். நேத்து தனியா ஆட்டோல போனேன். இந்த ஆப்பை எடுத்துடப் போறேன் பையா. கோவிச்சுக்காதீங்க."

ஏன் கோபம் வரும்? திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாலைக்குள் படிவம் வந்துவிட்டது: 'பயனர் விலகியதற்கான காரணம், தடுக்க நீங்கள் எடுத்த முயற்சி.' "தேறி வருகிறார்" என்று எழுதினேன். பட்டியலில் அப்படி ஒரு காரணம் கிடையாது என்று திரும்பி வந்தது.

ஜூலை 14

வேலையை விட்டேன். சாயங்காலம் மூன்று மாடி இறங்கித் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். புதிதாகக் குடிவந்தவனா என்று கடைக்காரர் தெலுங்கில் கேட்டார். அக்டோபரிலிருந்து இங்கேதான் என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.