வெட்டச் சொன்ன மஞ்சள் பூ

பல்லாப், மான் தீவு
9 பிப்ரவரி 1968

அன்பு மகள் வோரிக்கு,

லிவர்பூலில் உன் மருத்துவமனைப் பணி சிரமமின்றி நடக்கிறது என நம்புகிறேன். உன் அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. நீ கேட்ட கம்பளிக் காலுறைகள் தனிப் பொட்டலமாக வருகின்றன.

உன் குதிரை மோனாவின் நிலை மோசமாக உள்ளது. காரணத்தை முறையாகச் சொல்கிறேன்.

சென்ற கோடையில் பக்கத்து வயல் முழுவதும் குஷாக் செடி மஞ்சளாகப் பூத்து நின்றதை நீ பார்த்தாய். குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்பதால், ஊராட்சி எழுத்தர் என்ற முறையில் அந்த வயல்காரன் இல்லியம் கார்லெட்டுக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். ஜூலை இருபதுக்குள் வெட்ட வேண்டும் என்று மூன்றிலும் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தேன். "நம்ம தீவோட அடையாளப் பூவையே வெட்டச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான், கிளார்க் சார்" என்று கடைத்தெருவில் கேலி செய்தான். ஆயினும் பத்தொன்பதாம் தேதியே வெட்டிவிட்டான். நேரில் சென்று பார்த்தேன்; ஒரு பூகூட இல்லை. அந்த விவகாரத்தின் கோப்பை மூடிவிட்டேன்.

வெட்டியதை அவன் அகற்றவில்லை. புல்லோடு சேர்த்து உலர்த்திக் கட்டுகளாகக் கட்டினான். வழக்கம்போல் அந்த உலர்புல்லையே குளிர்காலத்துக்கு நாம் வாங்கினோம். பச்சைச் செடியின் கசப்புக்கு எந்தக் குதிரையும் அதைத் தொடாது. காய்ந்தால் கசப்பு போய்விடும், நஞ்சு போகாது. மூன்று மாதமாக மோனா அதைத்தான் தின்றிருக்கிறது.

கொதித்துப்போய்க் கார்லெட்டிடம் கேட்டேன். "வெட்டுன்னு எழுதினீங்க, வெட்டினேன். அள்ளுன்னு எங்க எழுதினீங்க? மூணு லெட்டரும் அலமாரியிலதான் இருக்கு, எடுத்தாரவா?" என்றான். இதைவிட எரிச்சலூட்டும் பதிலை நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து நகல்களைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

மோனாவின் கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டதாம், மருந்து இல்லை. லாயச் சுவரில் நெற்றியை அழுத்தியபடி நாள் முழுவதும் நிற்கிறது. ஊசி போட்டு முடித்துவிடுவதே கருணை என்கிறார் கால்நடை மருத்துவர் கெர்மோட். உரிமைப் பத்திரம் உன் பெயரில் உள்ளதால் உன் ஒப்புதல் வேண்டும் என்றேன். "குதிரை செவுத்த முட்டிக்கிட்டு நிக்குது, நீங்க கையெழுத்து தேடுறீங்களே, மனுஷா!" என்று கத்திவிட்டுப் போனார். சட்டம் சட்டம்தான் என்று போகிறவரிடம் சொன்னேன். உனக்கு அப்படிச் சொல்ல இயலவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வர விடுப்புக் கேள். கிடைக்காவிடில் ஒப்புதலைத் தந்தியில் அனுப்பு. என் மீதான கோபத்தைப் பிறகு விரிவாக எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன். அதுவரை சுவருக்கும் அவள் நெற்றிக்கும் இடையே என் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் தந்தை,
ஜான் குவில்லியம்