எஞ்சினுக்கு மஞ்சள் பூசிய நாள்

அக்கா,

நேற்று செம்பூர் சிக்னலைத் தாண்டியதும் பேத்தியின் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, முன்மூடியைத் தானே தூக்கினாள். உள்ளேயிருந்து லேசாக இனித்த மாதிரி ஒரு வாசனை வந்தது. "கூலன்ட் லீக் பாட்டி, நீங்க உள்ளயே உக்காருங்க" என்றாள். நான் உட்காருவேனா? இறங்கிப் போய்க் குனிந்து, ரப்பர் குழாய் மாட்டியிருந்த இடத்தில் பச்சையாகக் கசிந்திருந்ததை அவள் கண்டுபிடிக்குமுன் நான் காட்டினேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிப் பாட்டி?" என்றாள். அதற்குப் பதில் சொல்வதென்றால் உன்னைச் சொல்ல வேண்டும். நடுரோட்டில் சொல்லி முடிகிற ஆளா நீ? வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு மடல் எழுதுவதும் வேடிக்கைதான். நீ எழுத்துப் படிக்காதவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உன் உம்மா யாரிடமோ சொல்லி எழுதி அனுப்பும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்த அலட்டல் கொஞ்சமா? நடுவில் நிறுத்தி நிறுத்தி, உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பேன். "வாத்தியாரம்மா, மூச்சு விடாம வாசி, உலையில அரிசி கெடக்கு" என்பாய்.

தாராவியில் அப்போது நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைத் தகரம்தான் சுவர். அறுபதுகள். உன் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடும் வேலை பார்த்தார். என் வீட்டுக்காரர் சந்து முனையில் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைக்கும் கடை போட்டிருந்தார். கூலன்ட் என்ற பேரையே அன்று கேட்டதில்லை. டாக்ஸியோ லாரியோ, எஞ்சினைக் குளிரவைக்க ஊற்றியதெல்லாம் குழாய்த் தண்ணீர்தான்.

அந்தக் கிழட்டு டிராக்டர் வந்தது மழைக்குக் கொஞ்ச நாள் முன்னால். ட்ராம்பே பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரருடையது. தண்ணீர் ஊற்றினால் ஒரு சால் உழுவதற்குள் வற்றிவிடும், எஞ்சின் கொதிக்கும். கீழே பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் வீட்டுக்காரர் ரேடியேட்டர்க்காரர் ஆயிற்றே. எந்த வண்டி வந்தாலும் குற்றம் ரேடியேட்டர் மேல்தான். கழற்றினார், பற்றவைத்தார், மாட்டினார். இரண்டே நாளில் டிராக்டர் திரும்பி வந்தது. மறுபடியும் பற்றவைத்தார். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவையும் அதே கதை.

அந்தத் தோட்டக்காரரின் சொல்லை நம்பித்தான் ட்ராம்பே பக்கத்து லாரிக்காரர்கள் எல்லாரும் எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர் கோபமாகச் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளைக்குச் சாயந்தரம் வண்டிய எடுத்துக்கறேன் மிஸ்திரி, சரியானாலும் சரி, ஆகாட்டியும் சரி" என்று இந்தியில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் இவர் சோற்றில் கை வைக்கவில்லை. "இதுவும் நிக்கலன்னா கடைய மூடிட்டு ஊருக்கே போயிருவோம். வெறும் தண்ணிய நிறுத்தத் தெரியாதவன்னு பேரெடுத்துட்டு இங்க எப்படி இருக்க?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் இருந்தது என்ன? மாமியாரும் காய்ந்த கிணறும். இங்கே நீ இருந்தாய்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். கையில் ஒரு சட்டையோடு வந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்லாமல் உன் புருஷனைத் திட்ட ஆரம்பித்தாய். அதுதான் உன் ஆறுதல்.

"பாரு ஏட்டி இந்த மனுசன. கொளம்பச் சிந்திக்கிட்டு அதே சட்டையோட தொட்டி வேலைக்குப் போயிருக்காரு. சுண்ணாம்புத் தண்ணி தெறிச்ச எடமெல்லாம் செக்கச் செவேல்னு ஆயிப்போச்சு. ரத்தம்னு நெனச்சு ஒரு நிமிசம் எனக்கு உசிரே போச்சு."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கத்தான செய்யும். ஆலாத்தித் தண்ணி பாத்ததில்லையாக்கா?" என்றேன் நான்.

சட்டையை விரித்துப் பார்த்தோம். குழம்புக் கறை முழுதும் மஞ்சளாக இருந்தது. தண்ணீர் தெறித்த இடம் மட்டும் பொட்டுப் பொட்டாய்ச் சிவந்திருந்தது. தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டது. சிவப்பு போகவில்லை.

ஐந்தே நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. எஞ்சினுக்கு உள்ளே தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். வெளியே மஞ்சள் பூச்சு. கசிகிற தண்ணீர் சூட்டில் ஆவியாய்ப் போனாலும், கசிந்த இடம் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இவரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "எஞ்சினுக்கு மஞ்ச நீராட்டா? தெருவே சிரிக்கும்க்கா."

"மூணு தடவ ஈயத்த வச்சுப் பாத்துட்டியே தம்பி, ஒரு தடவ எங்க கைக்கு விடு. சிரிக்கிறவன் வந்து தண்ணிய நிறுத்தட்டும்" என்றாய்.

மறுநாள் காலை நான் மஞ்சளை அம்மியில் ஓட்டி ஓட்டி அரைத்தேன். நீ சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவிட்டு, உன் பழைய தாவணியில் வடிகட்டிக் கொண்டுவந்தாய். ரேடியேட்டர், குழாய்கள், எஞ்சினின் பக்கங்கள் எல்லாம் பூசினோம். புகைக் குழாய்க்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் உன் கை நுழையவில்லை, வளையல் தட்டியது. என் கை சின்னது, நுழைத்துப் பூசினேன். "நல்லாக் காயட்டும், மொகத்துல பூசுன மாதிரி இறுகணும்" என்று இவருக்கே கட்டளை போட்டாய். தெரு சொன்னபடியே சிரித்தது. தோட்டக்காரர் சாயந்தரம் வரவேண்டியவர் அந்த நேரம் பார்த்து வந்து நின்றார். மஞ்சள் குளித்த தன் டிராக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ்திரி, யே க்யா? ஷாதி ஹை க்யா?"

கல்யாணமா என்று அவர் கேட்டதற்கு இவர் வாய் திறக்குமுன் நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஹாங் சேட், துல்ஹன் தையார்" என்றாய். பெண் ரெடி என்று நீ சொன்ன சொல்லுக்கு அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு சாயா வாங்கிவரச் சொல்லி உட்கார்ந்தும்விட்டார்.

சுண்ணாம்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி எஞ்சினை ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் போனது. ரேடியேட்டர் அப்படியே மஞ்சளாக இருந்தது. இவர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். "அப்ப மூணு தடவையும் நான் ஒழுங்காத்தான் பத்த வச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.

நீதான் அந்தப் பக்கம் போய்க் குந்தினாய். "ஏட்டி, இங்க வந்து பாரு. வெத்தல போட்ட வாய் மாதிரி இருக்கு."

புகைக் குழாய்க்குப் பின்னால் அந்தச் சந்தில், எஞ்சின் சுவரில், ரூபாய்க் காசு அளவில், உள்ளே தண்ணீர் ஓடும் வழியை அடைத்த ஒரு வட்ட மூடி. அதன் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு; அதிலிருந்து கீழே ஒரு கோடு. இவர் எஞ்சினை நிறுத்தி, புகைக் குழாயைக் கழற்றி, மூடியை நெம்பி எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். துரு தின்ற தகட்டில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பித்தளைத் தகட்டில் புது மூடி வெட்டி, கசியாமலிருக்க விளிம்பில் வெள்ளை பெயின்ட் தடவி, சுத்தியலால் தட்டி இறக்கினார். சுண்ணாம்புத் தண்ணீரை வடித்துவிட்டு நாலைந்து தடவை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். டிராக்டர் மழைக்கு முன்னால் தோட்டம் முழுவதையும் உழுதது. திரும்பி வரவில்லை. லாரிக்காரர்கள்தான் வந்தார்கள். எங்கள் வண்டிக்கு மஞ்சள் பூச வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நாங்கள் ஊருக்குப் போகவில்லை அக்கா. என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள், பேத்தி இங்கேதான் கார் ஓட்டுகிறாள். அன்று டிராக்டர் நாலாம் தடவையாகத் திரும்பி வந்திருந்தால், நீயும் நானும் ஆளுக்கொரு ஊரில், வருஷத்துக்கு ஒரு கடிதத்தோடு முடிந்திருப்போம். அப்படி ஆகாததால்தான், அந்த யோசனை யாருடையது என்று நாற்பது வருஷம் உட்கார்ந்து சண்டை போட முடிந்தது. ஆலாத்தி என்று சொன்னது நான் என்பேன். சட்டை யார் வீட்டுது என்பாய். என் மகள் கல்யாணத்தில், சம்பந்திகள் முன்னாலேயே தொடங்கிவிட்டோம். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூட, "இப்பவாவது ஒத்துக்க ஏட்டி" என்றாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் நீ போய்விடுவாய் என்று ஒரு பயம். நான் ஒத்துக்கொள்ளாதபோதும் நீ போய்விட்டாய்.

எதிர்த்துப் பேச ஆளில்லாமல் ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். சட்டையை விரித்து வைத்துக்கொண்டு நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்தச் சட்டைய அந்த எஞ்சினுக்குப் போட்டுவிட்டா என்னட்டி?" என்று கேட்டது நீதான். யோசனை உன்னுடையது.

ஆனால் அந்தச் சந்துக்குள் கையை விட்டுப் பூசியவள் நான். அதை விட்டுத்தர மாட்டேன்.