நான் கேளாத கடைசிப் பாகம்

12-8-1957, திங்கள்

இன்று நான்காம் நாளாக அதே படம். கதாநாயகர் கல்லூரி மாணவராம். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. அழும் கட்டத்தில் அவருடைய தோள்கள் மட்டுமே அழுகின்றன. கண்கள் விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகின்றன. கதாநாயகியின் தோழியாக வரும் பெண்ணுக்கு நான்கே வசனங்கள். அந்நான்கிலும் உயிர் இருந்தது. அவள் பெயரைப் பாட்டுப் புத்தகத்தில் தேடினேன், அச்சிடவில்லை.

நான் எழுத்துக் கற்றது அந்தப் பாட்டுப் புத்தகங்களில்தான். பள்ளிக்கூடம் என்னைக் கண்டதில்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு, விழுப்புரத்தில் இந்த டெண்டுக் கொட்டகையின் பெண்கள் பக்கத்துக்கு டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. இடைவேளைதோறும் பாட்டையும் கதைச் சுருக்கத்தையும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இன்று 'வெண்மதி, விழுப்புரம்' என்னும் பெயரில் நான் எழுதும் விமரிசனக் கடிதங்களைச் சென்னைப் பத்திரிகை திருத்தாமல் வெளியிடுகிறது. வெண்மதி என்பவர் ஒரு தமிழாசிரியர் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

ஒரு குறையை மட்டும் இந்த ஏட்டிலேனும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் படத்தின் முடிவையும் நான் கண்டதில்லை. கடைசிப் பாகம் தொடங்கியதும், ஆண்கள் கூட்டம் இந்தப் பக்கம் புகாதிருக்க, பெண்கள் வாசலில் வந்து நிற்பது என் கடமை. மின்சாரம் தரும் ஆயில் இஞ்சினும் அந்த வாசலருகேதான் ஓடுகிறது. ஒரு சொல்லும் காதில் விழாது. கதைச் சுருக்கமோ 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். வெளியே வரும் பெண்களின் கண்களைப் பார்த்து, படம் சுபமா சோகமா என்று ஊகித்துக்கொள்வேன். இதுவரை எவரும் கண்டுபிடித்ததில்லை.

23-8-1957, வெள்ளி

வடநாட்டுப் படம், தமிழ் பேச வைத்திருக்கிறார்கள். விதவையான ஜமீன்தாரிணி ஒருத்தி, தன் சொல்லை மீறிய மகனை வீட்டை விட்டு வெளியேற்றுகிறாள். நடித்த அம்மாள் பெரிய நடிகை. புருவ அசைவிலேயே அரண்மனையை நடத்துகிறார். ஆனால் அவருக்கு இங்கே கொடுத்த தமிழ்க் குரல்! உதடு நின்ற பிறகும் குரல் நடக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, ஆணி அடிப்பதுபோல் உச்சரிக்கிறது. எனக்குப் பற்றி எரிந்தது.

இரண்டாம் இடைவேளையில் முறுக்குக் கூடையோடு பாஞ்சாலி வந்தாள்.

"யக்கா, அந்த ஜமீனம்மா பேசறது அப்படியே உன்னாட்டமே கீது."

"வாயை மூடு."

"பாத்தியா, இதேதான். கண்ண மூடிக்கினு கேட்டா, நீ டிக்கெட்டு குடுக்கறாப்பலயே கீது."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். படிப்பறியாதவள் நாவுக்கு என்ன மறுமொழி சொல்வது?

26-8-1957

வெண்மதியின் கடிதம் இன்று அஞ்சலில் சேர்ந்தது. இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்:

'ஜமீன்தாரிணிக்குக் குரல் தந்தவர் யாராயினும், அவர் ஒரு பிள்ளையைப் பெற்றறியாதவர்; பெற்றிருந்தால் இழந்தறியாதவர். அக்குரலுக்கு ஆணையிட மட்டுமே தெரியும். முதலிலிருந்து முடிவுவரை ஓரிடத்திலும் அது வளையவில்லை. தாயின் வேடத்துக்கு இரும்பைப் பேச வைத்திருக்கிறார்கள். இவரை வேறு தொழிலுக்கு அனுப்பிவைப்பது கலைக்குச் செய்யும் தொண்டாகும்.'

'முடிவுவரை' என்று எழுதும்போது பேனா சற்றே நின்றது. முடிவை நான் கேட்கவில்லையே. பிறகு எழுதிவிட்டேன். ஒரு குரல் கடைசி அரைமணி நேரத்தில் மாறிவிடுமா என்ன?

27-9-1957, வெள்ளி

அச்சில் வந்துவிட்டது. முழுவதுமாக, கட்டம் போட்டு, 'சாட்டையடி' என்ற தலைப்போடு. மேனேஜர் தம் மேசையில் வைத்து எல்லோருக்கும் உரக்கப் படித்தார். நான் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டேன். என் வாக்கியங்கள் நிமிர்ந்து நடந்தன.

முன்பெல்லாம் கடிதங்களை அழகான கையெழுத்தில் படியெடுத்துத் தந்தவள் என் பெண் அம்சா. வெண்மதி யார் என்று அறிந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது நானே படியெடுக்கிறேன். எழுத்து சற்றுக் கோணலாகத்தான் வருகிறது.

26-10-1957, சனி

தீபாவளி கழிந்தது. தபால்காரர் விருத்தாசலம் இனாம் வாங்க வந்தவர் நின்று கேட்டார்: "மெட்ராசுலேந்து உங்க பொண்ணு லெட்டரே காணமே இப்பல்லாம்?"

எப்படி வரும்? மயிலம் பங்குனி உத்திரத்துக்கு வந்த நாடகக் கம்பெனியோடு அம்சா போனாள், ஈராண்டுக்கு முன். போகும்போது, "என் வாசலை இனி மிதிக்காதே" என்றேன். நான்கு கடிதங்கள் வந்தன. நான்கையும் உறை பிரிக்காமல், 'வாங்க மறுத்தார்' என்று இவர் கையாலேயே எழுதச்சொல்லித் திருப்பியனுப்பினேன். ஐந்தாவதை எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதலாமா? எழுதிவிட்டேன்.

9-2-1958, ஞாயிறு

மாசிலாமணி வந்திருந்தான். நம் தெருப் பையன். அம்சா போன அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். கொட்டகை டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி பேசினான். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"ஏங்க்கா இப்பிடி எழுதினீங்க?" என்றான்.

"எதை?"

"அந்த ஜமீனம்மா படத்தத்தான். வெண்மதி நீங்கதான்னு அம்சா எனக்குச் சொல்லிட்டா. நாடகம் நொடிச்சிப்போச்சி. ஆறு மாசம் அலைஞ்சி அந்தச் சான்ஸ் அவளுக்குக் கெடைச்சிது. வயசான அம்மா குரலு வேணும்னாங்க. இருவத்திரெண்டு வயசுப் பொண்ணு எங்க போவும் அந்தக் குரலுக்கு? உங்கள மாதிரி பேசிக் காட்டியிருக்கா. எல்லாரும் அசந்துட்டாங்க."

யாரோ இரண்டு டிக்கெட் கேட்டார்கள், கொடுத்தேன்.

"உங்களுதப் பேப்பர்ல படிச்சிட்டு என்ன சொன்னா தெரியுமா? 'கண்டுபுடிச்சிட்டாங்க அண்ணே. அம்மா என் குரலக் கண்டுபுடிச்சிட்டாங்க. லெட்டர வாங்கமாட்டாங்க, ஆனா இதுக்குப் பதில் எழுதியிருக்காங்க பாரு'ன்னா. அடுத்த ரெண்டு படத்துக்குச் சொல்லி வெச்சிருந்தவங்க பேப்பரக் காட்டி, வேற ஆளப் பாத்துக்கறம்னுட்டாங்க. அவளும் ஏன்னு கேக்கல."

"இப்போது எங்கே இருக்கிறாள்?"

"பெரம்பூர்ல ரூம் எடுத்திருந்தா. தை பொறந்ததும் காலி பண்ணிட்டான்னு கேள்வி. பம்பாய் பக்கம் ஏதோ கம்பெனியோட போனதா ஒருத்தன் சொல்றான். நான் பாக்கலக்கா."

10-2-1958

எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. பாஞ்சாலிக்குத் தெரிஞ்சிது, முறுக்கு விக்கறவளுக்கு, உக்காந்திருந்த அத்தினி பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சிது, எனக்கு மட்டும் தெரியல. என் குரல நான் எங்கடி கேட்டேன்? எவ கேட்டிருக்கா அவ குரல அவளே?

ரெண்டு வருசமா ஒரு பதிலும் போடாதவ, போட்ட ஒரே பதில் அது.

11-2-1958

நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிட எண்ணினேன். வேண்டாம். இருக்கட்டும்.

3-3-1958, திங்கள்

மாசிலாமணி கொடுத்த பெரம்பூர் முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. 'விலாசதாரர் இல்லை.'

'வாங்க மறுத்தார்' என்று வந்திருந்தால்கூட, மறுப்பதற்கு அங்கே ஒரு கை இருந்தது என்று ஆறுதல் கொண்டிருப்பேன்.

14-4-1958, திங்கள்

வருடப்பிறப்பு. 'அக்கடிதத்தில் கூறிய கருத்துகளை முற்றிலும் திரும்பப் பெறுகிறேன். படத்தின் கடைசிப் பாகத்தைக் கேளாமலே எழுதிய குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன்' என்று பத்திரிகைக்கு எழுதி ஆறு வாரமாகிறது. வெளியிடவில்லை. சாட்டைக்குத்தான் கட்டம் போடுவார்கள் போலும்.

இனி வெண்மதி எழுதமாட்டார்.

17-11-1958

இந்த வாரப் படத்திலும் தாயும் மகளும் பிரிகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில். வெளியே வந்த பெண்கள் முகம் மலர்ந்திருந்தது, ஆகவே சேர்ந்திருப்பார்கள். எல்லாப் படங்களிலும் தொலைந்த பிள்ளை கடைசிப் பாகத்தில் திரும்பி வருகிறதாம். எவ்வளவு பொறுப்பற்ற மனிதர்கள் இக்கதைகளை எழுதுகிறார்கள். நடிகையரைக் குறை சொல்லி என்ன பயன்?

22-6-1959, திங்கள்

விழுப்புரத்தில் கொட்டகைக்கு லைசென்சு முடிந்தது. கம்பங்களையும் கித்தானையும் பிரித்துத் திண்டிவனத்துக்கு வந்துவிட்டோம். பாஞ்சாலி வரவில்லை. வண்டி புறப்படும்போது ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் திணித்து, "யாரையும் அதட்டாத, என்னா?" என்றாள்.

இங்கே சாலையிலிருந்தே மின்சாரக் கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆயில் இஞ்சின் ஓடவில்லை. பெண்கள் வாசலில் நின்றால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்கிறது. இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக ஒரு படத்தின் முடிவைச் செவியால் அறிந்தேன். ஏதோ கல்யாணம்.

2-7-1959, வியாழன்

படப்பெட்டி வந்திருக்கிறது. நாளை முதல் மூன்று நாள். அதே வடநாட்டுப் படம்.

நோட்டீசைக் கையில் வாங்கியபோது மேனேஜர், "இதத்தான அந்த வெண்மதி கிழிகிழின்னு கிழிச்சாரு?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

4-7-1959, சனி

நேற்று இரவு கடைசிப் பாகம் தொடங்கியதும் என்னால் வாசலில் நிற்க முடியவில்லை. தண்ணீர்ப் பந்தல்வரை நடந்து போய், காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நூறு பெண்கள் நடுவில் அதைக் கேட்கும் துணிவு எனக்கில்லை. திரும்பி வந்தபோது, வாசல் கயிற்றை யார் பிடித்தார்கள் என்று மேனேஜர் சத்தம் போட்டார்.

இன்று காலை ஆபரேட்டர் தேவசகாயம் மெஷின் அறையில் அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய பிரதி. ஒட்டிய பிறகு ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"கடைசிப் பாகத்தை ஓட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

"ஓட்டலாம்மா. ஆனா பகல்ல ஒண்ணும் தெரியாதே. கித்தான் பூரா ஓட்டை, வெயிலு உள்ள அடிக்குது. துணி மட்டுந்தான் வெள்ளையாத் தெரியும்."

"படம் வேண்டாம். ஒலி போதும்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "முன்னால போய்க் குந்துங்க. ஸ்பீக்கர் அங்கதான் இருக்குது" என்றார்.

மணலில் அமர்ந்தேன். திரையில் ஒன்றுமில்லை, வெளுத்த துணியில் நிழல்போல் ஏதோ அசைந்தது. பிறகு குரல் வந்தது.

நான்தான். வேலைக்காரரை அதட்டுவது நான். மகன் பெயரைச் சொல்லாதே என்பது நான். 'என்' என்று தொடங்கிய பின் ஒரு சிறு நிறுத்தம் வைக்கிறேனாம். இத்தனை நாள் அது எனக்கே தெரியாது. அதைக்கூட அவள் விடவில்லை. வேடிக்கை செய்வதற்காகக் கற்றவள் இவ்வளவு கவனமாகக் கற்கமாட்டாள்.

அப்புறம் ஜமீன்தாரிணி படுக்கையில் கிடக்கிறாள் என்று தோன்றியது. கதவைத் தாழிடப் போன ஒருவரிடம் சொல்கிறாள்: "தாழிடாதே. அவன் வந்தால் தட்டமாட்டான். என் பிள்ளை, திரும்பிப் போய்விடுவான்."

அங்கே குரல் உடைந்தது. வசனம் முடிந்த பிறகும், சொல் எதுவுமின்றி, உள்ளிருந்து ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. ரீல் தீர்ந்து சக்கரம் படபடவென்று அடிக்கும்வரை அமர்ந்திருந்தேன்.

நான் அழுது அம்சா கண்டதில்லை. அவள் தகப்பனாரைத் தூக்கிச் சென்ற நாளில்கூட நான் அழவில்லை, ஊரே சொல்லிற்று. அவள் புறப்பட்ட அன்றும் இல்லை. அதட்டலை என்னிடம் கற்றாள், நிறுத்தத்தை என்னிடம் கற்றாள். அந்த அழுகையை எங்கே கற்றாள்? என் குரல் அழுதால் எப்படி இருக்கும் என்று, ஒருமுறையும் கேளாமல், அவளாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை நான் வளையாத இரும்பு என்று எழுதினேன்.

"இன்னொருவாட்டி ஓட்டட்டுமா?" என்று தேவசகாயம் உள்ளிருந்து கேட்டார்.

ஓட்டினார்.

6-7-1959, திங்கள்

பெட்டி இன்று இரயிலேறியது. அடுத்து எந்த ஊர் என்று மேனேஜருக்கும் தெரியவில்லை. பிரதி இன்னும் பத்து ஊர் தாங்காது என்கிறார் தேவசகாயம்.

இவ்வூர்த் தபால் நிலையத்துக்குச் சென்று என் பெயரையும் கொட்டகை முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். கடிதம் வந்தால் இங்கே அனுப்பும்படி விழுப்புரத்துக்கும் எழுதிப் போட்டாயிற்று. எதுவும் வராது என்று அறிவேன்.

10-7-1959, வெள்ளி

புதிய படம். கதாநாயகி அழகி. வேறு கருத்து இல்லை.

மாலையில் மயிலத்துப் பேருந்திலிருந்து இறங்கி வந்த ஒருத்தி, கைக்குழந்தையோடு ஜன்னலில் டிக்கெட் கேட்டாள். கொடுத்து, "குழந்தைக்கு வேண்டாம், உள்ளே போங்கள்" என்றேன். அவள் போகாமல் நின்றாள்.

"உங்க கொரல எங்கியோ கேட்டாப்பல கீதேம்மா. போன வாரம் இங்க ஒரு படம் வந்துச்சே, அதுலயா?"

"ஆமாம்" என்றேன். "அது என் பெண்ணுடைய குரல்."