மோசல் கரையில் சஷ்டி விரதம்

17 ஒக்டோபர் 2009, சனி. மிச்சம், லண்டன்

விடியத் தூறல், பிறகு நாள் முழுக்க இருட்டு. தீபாவளி. தலை முழுகி, விளக்கேற்றி, வடை சுட்டு முடியப் பதினொரு மணி. அபிக்கு நாலு நாளைக்குச் சமைத்துப் பிரீசரில் வைத்தாயிற்று: பருப்பு 3, கத்தரிக்காய் 2, சோயா 2. டப்பா ஒவ்வொன்றிலும் நாள் எழுதி ஒட்டினேன். "அம்மா, வாற மாசம் எனக்குப் பதினெட்டு" என்கிறாள். முட்டை அவிப்பாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நாளைக்குப் பயணம். ஜேர்மனி. மோசல் என்ற ஆற்றங்கரையில் ஒரு திராட்சைத் தோட்டம். கலியாணத்துக்கு முந்தி இவர் ஏழு வருஷம் வேலை செய்த இடம். முதலாளி ஹில்டா என்ற அம்மா; அகதியாய் வந்து நின்றவருக்கு வேலையும் மேல்வீட்டில் ஓர் அறையும் கொடுத்தவர். இப்போது வயது எழுபத்தாறு. இதுதான் கடைசி அறுவடை, தோட்டத்தை விற்கப்போகிறேன், ஒருதரம் வந்துவிட்டுப் போ என்று கடிதம் போட்டிருந்தார். இவர் அதை மூன்று நாள் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, "போவமோ?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் தானாக ஒன்று கேட்டது குறைவு. எப்படி மறுக்கிறது.

எனக்குப் பயம். அது வைன் ஊர். இவர் குடி பழகினதே அங்கேதான். அபியின் பதினாறாம் பிறந்தநாளில் கேக் மேசையோடு விழுந்தார், எல்லாரும் பார்த்திருக்க. அந்த வருஷச் சஷ்டியோடு விட்டார். இரண்டு வருஷம். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் இவர் வேலையால் வந்ததும், ஜக்கெற்றை வாங்குவதுபோல் கிட்டப் போய் மணந்து பார்க்கிறேன். இவருக்கும் தெரியும். வாய் திறக்கமாட்டார். மணம் இல்லையென்றால் இந்தக் கொப்பியின் மூலையில் ஒரு புள்ளி. மே மாதம், வன்னியிலிருந்து வந்த செய்தியைக் கேட்க ஏலாமல் ரேடியோவை மூடி வைத்த கிழமையிலும் புள்ளி தவறவில்லை. முருகா, அங்கே போய்த் தவறக்கூடாது.

விரதம் நாளையா, மறுநாளா? இங்கத்தைக் கோயில் கலண்டர் ஒன்று சொல்கிறது, ஊர்க் கலண்டர் வேறொன்று. நாளையே பிடிக்கிறேன். ஆறு நாளும் பின்னேரம் ஒருநேரம் பாலும் பழமும்.

18 ஞாயிறு

கா. 4.30க்குக் காரில் வெளிக்கிட்டோம். கப்பலில் தலைச்சுற்று. கொண்டுபோனவை: சுவாமிப் படம், திருநீறு, பால் காய்ச்சச் சின்னப் பானை, வாழைப்பழம் 12, கம்பளிச் சட்டை. பெல்ஜியம் முழுக்க மழை. செலவு எல்லாம் மற்றக் கொப்பியில்.

ஆறு தெரிந்ததும் இவருக்கு வாய் திறந்தது. "அந்த வளைவிலை பாரும், ஒரு மாதாக் கோயில் வரும்." வந்தது. "அங்காலை ஒரு பாலம்." அதுவும் வந்தது. இந்த மனுஷன் லண்டனில் எனக்கு ஒரு தெருவும் காட்டினதில்லை. ஆற்றின் இரண்டு பக்கமும் மலை. சுவரில் நட்டதுபோல் கொடிகள். மஞ்சள் இலை.

ஹில்டா அம்மா கதவைத் திறந்து இவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு என்னையும். வெங்காய மணம். மேசையில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரொட்டி, ஆப்பிள் களி, கறுப்புப் பாண், வெள்ளைச் சீஸ், பிளம்ஸ் கேக். நடுவில் போத்தல். கிளாஸ்கள் மூன்று. இவர் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். ஜேர்மனில் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"வயித்திலை வருத்தம், டொக்டர் மறிச்சவர் எண்டனான்."

வெட்கம் போல. எனக்கும்தான். நான் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தேன். களைப்பு.

19 திங்கள்

பனிப்புகார். எட்டு மணிக்குத்தான் ஆறு தெரிந்தது. விரதம் நாள் 2.

இவர் அறுவடைக்குப் போனார். முதுகில் பெரிய கூடை. நான் சும்மா இருக்க ஏலாமல் பின்னால் ஏறினேன். பாதை அல்ல அது, கரும்பலகை உடைந்து கொட்டினதுபோல் கல். ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். மேலே சின்ன மாதாக் கோயில். மெழுகுதிரி ஏற்றினேன். யாரிடம் கேட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே. இரண்டு வருஷமாக ஒரே வேண்டுதல். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிற்று.

மத்தியானம் எல்லாருக்கும் பூசணிக்காய் சூப், வெங்காயம் பரப்பிச் சுட்ட ரொட்டி (பன்றி இறைச்சித் துண்டு போட்டது, இவருக்கு ஹில்டா அம்மா புறம்பாக அது போடாமல் சுட்டுக் கொடுத்தார்). குலை வெட்டுகிறவர்களின் பக்கத்தில் கிளாஸ், கிளாஸ், கிளாஸ்.

பி.ப. 3. இவரும் ஹில்டா அம்மாவும் நிலவறைக்குள் போனார்கள். பன்னிரண்டு நிமிஷம். வெளியே வந்ததும் ஜக்கெற்றின் கொலரைச் சரிசெய்வதுபோல் கிட்டப் போனேன். ஈர மரத்தின் மணம், குளிர். வேறொன்றும் இல்லை.

"இஞ்சையுமோ?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். புள்ளி வைத்தேன்.

20 செவ்வாய்

வெயில். நல்ல குளிர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

மத்தியானம், சரிவின் பாதியில் கண் இருட்டியது. கொடிக் கம்பைப் பிடித்தபடி இருந்துவிட்டேன். ஹில்டா அம்மா பிளாஸ்டிக் கானிலிருந்து ஒரு கிளாஸ் வார்த்து நீட்டினார். கலங்கல், மோர் நிறம். பிழிந்த திராட்சைச் சாறு என்று நினைத்தேன். மயக்கம் வந்தால் பழச்சாறு குடிக்கலாம் என்று ஐயர் முந்தியே சொல்லியிருக்கிறார். முருகா என்று குடித்தேன். அப்படி ஓர் இனிப்பு. ஊரில் பனையிலிருந்து கருப்பநீர் இறக்கின கையோடு குடித்ததுபோல், நாக்கில் சின்னதாய் ஒரு சுள். எனக்குத் தெரிந்த குடி நாறும், புளிக்கும். இது மணத்தது. இன்னொன்று கேட்டேன். பிறகு இன்னொன்று.

மலை அழகாய் இருந்தது. அபி முட்டை அவிக்கும் கதையை நான் தமிழில் சொல்ல, ஹில்டா அம்மா ஜேர்மனில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். இவர் கூடையோடு மேலேறி வந்து நின்றார்.

"என்ன பகிடி?"

எனக்குச் சொல்ல வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இவர் என் கையிலிருந்த கிளாஸை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். அதில் பாதி இருந்தது. அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பிறகு கொடியின் அடியில் ஊற்றிவிட்டு, "வாரும், கீழை போவம்" என்று என் முழங்கையைப் பிடித்தார்.

எழும்பியபோது பின்னேரம். தலையிடி. கட்டிலில் இவர் பாலோடு இருந்தார்.

"அது சாறில்லை."

"அப்ப?"

"புது வைன். பிழிஞ்சு நாலைஞ்சு நாள், பொங்கத் துடங்கினது. இஞ்சை இந்த மாசத்திலை மட்டும் குடிப்பினம்."

"வெறிக்குமோ?"

"மூண்டு கிளாசுக்கோ? நீர் ஹில்டாவின்ரை பூனைக்குத் திருநீறு பூசினனீர்."

அழுதேன். விரதம் போயிற்று, அதுவும் இப்படி. இவர் முதலில் சிரித்தார், பிறகு நிறுத்தினார். "கிட்ட வாரும், மணந்து பாக்கிறன்" என்றார். பகிடிதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இன்று புள்ளி இல்லை. யாருக்கு வைக்கிறது?

21 புதன்

மழை. திரும்பினோம். ஹில்டா அம்மா தந்தவை: சிவப்புப் பீச் ஜாம் 2, வால்நட் ஒரு பை. போத்தல் தரவில்லை. வயிற்று வருத்தத்தை நம்பினாரோ, நம்பவில்லையோ, கண்ணைப் பார்த்தால் தெரியவில்லை. அழுதார். இவர் வீட்டுச் சுவரை ஒருதரம் தொட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கப்பலில் இவர்: "அந்தக் கிளாஸை ஏன் ஊத்தினனான் எண்டு கேக்கமாட்டீரோ?"

தலைச்சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலை சுற்றவில்லை.

22 வியாழன். மிச்சம்

உடுப்புத் தோய்த்தல், இரண்டு முறை மெஷின். அபி ஒரு டப்பாவும் தொடவில்லை, பீட்சா பெட்டிகள்.

கோயிலுக்குப் போய் ஐயரிடம் எல்லாம் சொன்னேன், பூனையைத் தவிர. "அறியாமல் செய்ததுதானே அம்மா. கும்பிட்டிட்டுத் தொடருங்கோ. ஆனா மூண்டு கிளாஸ் எண்டு மற்ற ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ."

பஸ்ஸில் யோசித்தேன். முதல் கிளாஸ் அறியாமல். சரி. மூன்றாவது? நல்லாய் இருந்தது, கேட்டேன். விஷயம் அவ்வளவுதான். இவருக்கும் அவ்வளவுதானோ? இரண்டு வருஷம் மணந்து பார்த்தேனே தவிர, இதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

பின்னேரம் இவர் வந்தபோது சமையலறையிலேயே நின்றேன். மணக்கப் போகவில்லை.

23 வெள்ளி

சூரன்போர். கோயில் கார்ப் பார்க்கில், குடைகளுக்கு நடுவில். பின்னால் ஒரு கிழவர் போனில்: "ஓம் ஓம், தலை விழுந்திட்டுது, இப்ப மாமரம். கெதியா வா, பார்க்கிங் இல்லை." கால் உளைச்சல். கண்ணை மூடிக் கும்பிட்டேன். வழக்கமாகக் கேட்பதைக் கேட்க வாய் வரவில்லை.

24 சனி

குளிர், மழை இல்லை. பாறணை. கா. 5க்கு எழும்பிச் சமைத்தது: பருப்பு, பூசணி, வாழைக்காய்ப் பொரியல், கீரை, பாயசம். ஆறு நாளைக்குப் பிறகு சோறு. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

இவருக்குக் கிடங்கில் பகல் ஷிப்ட். நாலரைக்கு வந்தார். கதவடியில் ஜக்கெற்றைக் கழற்றி, வழக்கம்போல் நீட்டிக்கொண்டு நின்றார். நான் வாங்கவில்லை.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"குடிக்க வேணும் போலை இருக்கோ?"

என்னைப் பார்த்தார். நான் கேட்டது சண்டைக்கோ என்று பார்த்தார் போல.

"ஓம்."

"எப்ப?"

"வேலை முடியேக்கை. வாற வழியிலை மூண்டு கடை. மூண்டையும் தாண்டும் வரைக்கும் நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் நடக்கிறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப அண்டைக்கு, மலையிலை?"

"குடிச்சிருப்பன். நீர் நிக்கேலாமல் சிரிச்சுக்கொண்டு இருந்தனீர். இரண்டு பேரும் வெறியிலை அந்தக் கல்லாலை இறங்கேலாது."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இப்ப?"

"இப்பவும்தான்."

அது அடங்கும் வரைக்கும் கூட இருக்கலாம் என்று பட்டது. ஜக்கெற்றைத் திரும்பப் போடச் சொன்னேன். அடுப்பை நிற்பாட்டினேன். அபி மாடியிலிருந்து, "அம்மா, வேர் ஆர் யூ கோயிங்?" தெரியாது பிள்ளை என்றேன். ட்ராம் ஸ்டொப் மட்டும் நடந்து, முதல் வந்ததில் ஏறினோம். விம்பிள்டன். அங்கே இறங்கி, அதே ட்ராமில் திரும்ப ஏறினோம். ஜன்னலோரம் இவர். முழங்காலில் இருந்த இவரின் கைமேல் என் கையை வைத்தேன், சனம் பார்த்தாலும் பரவாயில்லை. மிச்சம் தாண்டிக் குரொய்டன். திரும்பி மிச்சம். ஆறு மணி தாண்டிவிட்டது.

"இறங்குவமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒருக்கா" என்றார்.